ஒன்பது பிள்ளைகளின் தாய்

இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதாதே என்று ஒருவன் கேட்டுக்கொண்டான். அவன் என் கூடப் பிறந்த அண்ணன். அவன் மேல் உள்ள கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கல் இருக்கும் இடத்தில் இனி யாரும் விவரம் தெரியாமல் நிற்கக் கூடாது. அதற்காக எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. பயந்த இடத்தில் பயந்தேன் என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் ஏவிஸ் மார்ஃப்லீட். ஊர், லிங்கன்ஷையரில் ஸ்கெல்தோர்ப். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக உருளைக்கிழங்கு தோண்டியவர்கள்தான். அண்ணன் லயனல் மட்டும் அதிலிருந்து தப்பி டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குப் போனான். இந்த வட்டாரத்தில் பாதிக் குளியலறைகள் அவன் கை பட்டவை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆலயத்தில் பூ வைப்பது, பித்தளை விளக்குத் தண்டுகளைத் துடைப்பது, யாராவது படுக்கையில் விழுந்தால் சூப் கொண்டு போவது... என் நாட்கள் இப்படியே போய்விட்டன. குறை ஒன்றும் இல்லை.

லயனலுக்கு முன்னோர்களைத் தேடுகிற கிறுக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் வயது ஏறியதும் சிலர் ரோஜா வளர்ப்பார்கள். சிலர் செத்துப்போனவர்களைத் தேடுவார்கள். இரண்டாம் வகைக்காரர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. லயனல் அதில் பெரிய ஆள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன்தான் பாடம் எடுப்பான். முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான்.

"நம்ம பேருல ஒரு கொழந்தையோட ஞானஸ்நானத்தைக் கண்டுபிடிச்சதும் ஆட்டம் போடாதீங்க. முதல்ல அதைப் புதைக்கப் பாருங்க. சின்ன வயசுலயே எங்கேயாவது அடக்கம் ஆயிருக்கான்னு தேடுங்க. எங்க தேடியும் புதைக்க முடியலையா? அப்புறமா அதுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க."

கூட்டம் சிரிக்கும். தேநீர் ஊற்றிக் கொடுக்கப் போன நானும் சிரித்திருக்கிறேன்.

அப்படித் தேடித்தான் அவன் உர்சுலாவைக் கண்டுபிடித்தான்.

எங்கள் ஊர் ஆலயத்தில் டெவெரில் குடும்பத்துக்கென்று பக்கவாட்டில் ஒரு சிற்றாலயம் உண்டு. அந்தக் காலத்து ஜமீன்தார்கள். அவர்கள் வழியில் மேலே ஏறிப் போனால் மூன்றாம் எட்வர்ட் அரசர் வந்துவிடுவார். அவரைத் தொட்டுவிட்டால் பிரான்ஸ், ஸ்பெயின் என்று பாதி ஐரோப்பாவின் ராஜாக்கள் நமக்கு உறவு. எங்கள் வழியில் கில்பர்ட் மார்ஃப்லீட் என்று ஒரு பெரியவர் இருந்தார். அவர் மனைவி பெயர் உர்சுலா. எந்த வீட்டு உர்சுலா என்று எங்கும் இல்லை. அதே ஊரில், அதே வயதில், டெவெரில் வீட்டிலும் ஓர் உர்சுலா ஞானஸ்நானம் பெற்றிருந்தாள். லயனல் இருவரையும் ஒன்றாக்கினான்.

"நீ அவளைப் புதைச்சுப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் ஏவி."

அந்த வருடங்களின் அடக்கப் பதிவுகள் ஆயிரத்து அறுநூறுகளில் நடந்த உள்நாட்டுப் போரில் தொலைந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஆலயத்துக்குள் பதித்த கற்கள் மட்டும்தான். ஒரு கோடை முழுவதும் லயனல் தரையில் விரித்திருந்த நார் விரிப்புகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். முட்டி தேய்ந்தது. ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். கையெல்லாம் தூசி.

"எங்கேயும் இல்லை. அவளுக்குக் கல்லே இல்லை. அவ நம்மளோடவதான்."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

அப்பாவுக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது. முதியோர் இல்லத்தில் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தவர், லயனல் கற்களைத் தேடத் தொடங்கும்போதே ராஜ வம்சம் என்று சொன்னதைக் கேட்டு நிமிர்ந்துவிட்டார். கோட்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"எட்வர்ட் ராஜா வீட்டுப் பையன் நான். என் டீ ஆறிப்போயிருக்கு" என்பார்.

அங்கே வேலை பார்க்கும் பிரியோனி விடமாட்டாள். "அரசே, இந்த ராஜ்ஜியத்துல இன்னும் பதினோரு ராஜாக்கள் இருக்காங்க. வரிசையில வாங்க."

"என் மகன் ராஜ ரத்தம்மா. ஆனா ஊர்ல உள்ள கக்கூஸுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டுனான்."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிடும். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகவே லயனலை மனதுக்குள் வாழ்த்தினேன்.

ஆலயத்தில் ஒரு நினைவுக் கல் வைக்கலாம் என்றான் லயனல். கறுப்பு ஸ்லேட் கல். அதில் இப்படிப் பொறித்தார்கள்:

உர்சுலா. இந்த வீட்டின் மகள். எட்வர்ட் அரசரின் வழி வந்தவள். கில்பர்ட் மார்ஃப்லீட்டின் அன்பு மனைவி. ஒன்பது பிள்ளைகளின் தாய்.

"சுவர்தான் காலியா இருக்கே, தரையில எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஜனங்க நம்ம மேல நடந்து போகட்டும் ஏவி. பெருமை வேண்டாம்" என்றான்.

எவ்வளவு தாழ்மை என்று எனக்குக் கண் கலங்கியது. குருவானவர் கிரேலிங்கிடம் நான்தான் பேசி அனுமதி வாங்கினேன். 'அடியில் பழைய கல் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. லயனல் சொன்னான். நான் கையெழுத்துப் போட்டேன். செப்டம்பரில் அவனே தனியாக அந்தக் கல்லைப் பதித்தான். காணிக்கையாகச் செய்கிறேன், கூலியாள் வேண்டாம் என்றான்.

பிரதிஷ்டை நவம்பரில், கிறிஸ்து அரசர் ஞாயிறன்று. அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வர எல்லாம் ஏற்பாடு. முந்தின நாள் சனிக்கிழமை, பூ வைக்க நான் போனேன்.

லயனல்தான் காரில் கொண்டுபோய் விட்டான். மணி மூன்று தாண்டியிருந்தது. வெளிச்சம் அப்போதே பழுத்துவிட்டது.

"வாளியைத் தூக்கிட்டு உள்ள வா" என்றேன்.

"முட்டி வலிக்குது. நீ போ."

கல் பதித்த நாளிலிருந்தே அவன் ஆலயத்துக்குள் வரவில்லை. ஆராதனைக்கும் இல்லை. முட்டிதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

இறங்கும்போது ஒரு டார்ச்சை நீட்டினான். நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டபோது என் கையைப் பிடித்தான். எங்கள் குடும்பத்தில் கையெல்லாம் பிடிக்கிற வழக்கம் இல்லை.

"ஸாரி ஏவி" என்றான்.

"எதுக்கு?"

"தனியா அனுப்புறேனே, அதுக்கு."

"நான் என்ன சின்னப் பொண்ணா?" என்று சிரித்துவிட்டுப் போனேன்.

உள்ளே ஈரக் கல்லின் வாசனை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் விளக்குகள் அரை மணி நேரம் எரியும். மின்சாரம் வீணாகக் கூடாது என்று வைத்தது. எரிகிற நேரம் முழுக்க அது டிக், டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். அழுத்தினேன். கையில் வெள்ளைச் சாமந்தி வாளி. கழுத்தில் நானே பின்னிய சாம்பல் நிற மஃப்ளர். அதன் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. வேறு நூல் கிடைக்காமல் அந்த மூலையைச் சிவப்பு நூலால் தைத்திருந்தேன். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டெவெரில் சிற்றாலயத்தின் நடுவில் ஒரு பெரிய கல்லறை மேடை. மேலே பிரபுவும் மனைவியும் கைகூப்பிப் படுத்த சிலைகள். காலடியில் ஒரு கல் நாய். அந்த மேடைக்குப் பக்கத்தில், தரையில், எங்கள் புதுக் கல்.

கல் முழுக்கக் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஈரம். கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே, அதுபோல வட்டமாக. துடைத்தேன்.

சாமந்திகளைக் கல்லின் தலைப்பக்கம் அடுக்கிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். பின்னறைக் குழாய் மெதுவாகத்தான் வரும். திரும்பி வந்து பார்த்தேன்.

ஒரு பூவை யாரோ பிய்த்திருந்தார்கள். இதழ்களை எழுத்துகளின் மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். 'ஒன்பது பிள்ளைகள்' என்ற இடத்தில் ஒன்பது இதழ்கள். ஒவ்வொன்றும் நேராக. எண்ணப் பழகுகிற பிள்ளை வைப்பது போல.

துடைத்த இடத்தில் மறுபடியும் அந்த வட்ட ஈரம்.

ஊர்ப் பிள்ளை யாரோ பதுங்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து விளையாடுவார்கள். நான் திட்டியதில்லை. என் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும்.

"யாரும்மா அங்கே? வெளியே வா. திட்ட மாட்டேன்."

டிக், டிக், டிக்...

மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல். எழுத்துக் கூட்டி வாசிக்கிற குரல்.

"கில்... பர்ட்... மனைவி..."

பிறகு, தனக்குத்தானே கேட்பதுபோல:

"யாரு கில்பர்ட்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். "அவரு ரொம்ப நாளைக்கு முன்னாடி இருந்தவரு கண்ணு. அது அவரோட பொண்டாட்டிக்கு வச்ச கல்லு."

கல் நாயின் தலையில் ஒரு சின்னக் கை தெரிந்தது. நாயைத் தடவியது. பழகிய நாயைத் தடவுவதுபோல, காதுக்குப் பின்னால்.

கை மட்டும்தான் தெரிந்தது. அந்த மேடை என் நெஞ்சு உயரம். தலை மேலே தெரியவில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளை.

"வீட்டுக்குப் போகலையா? இருட்டப் போகுதே. அம்மா தேட மாட்டாங்க?"

"அம்மா இங்கதான் இருக்காங்க" என்றது குரல்.

திரும்பிப் பார்த்தேன். ஆலயத்தில் யாரும் இல்லை.

மறுபடி பார்த்தபோது அந்தக் கை, நாயின் தலையிலிருந்து மேலே படுத்திருக்கும் சிலையின் பாவாடை மடிப்புக்குப் போயிருந்தது. கல் மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குக் குளிர்ந்தது.

"கண்ணு... உன் பேரு என்ன?"

"ஒன்பது பிள்ளைங்கன்னு போட்டிருக்கு" என்றது குரல். "எனக்கா?"

அந்தக் கை மடிப்பை விடவில்லை.

"எனக்கு ஆறு வயசு. ஏழு வரவே இல்லை."

டிக், டிக்...

"ஒன்பது பேரும் எங்கே? நான் பார்த்ததே இல்லை."

டிக்...

விளக்கு அணைந்தது.

நான் வந்து அரை மணி ஆகியிருக்காது. சத்தியமாக ஆகியிருக்காது.

ஜன்னலில் சாம்பல் நிறம். வேறொன்றும் தெரியவில்லை. டார்ச் பையில் இருந்தது. பை அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம்.

கீழே தட்டுகிற சத்தம். என் காலுக்கு அருகில். கல்லுக்கு அடியில்.

தட்... தட்...

"ஏவி."

என்னை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அப்பா. லயனல்.

"ஏவி, வந்துட்டியா?"

குரல் இப்போது மேடைக்குப் பின்னால் இல்லை. தரையிலிருந்து வந்தது.

"நீ என்னோடவதானே?"

என் மஃப்ளரின் நுனி இறுகியது. யாரோ கீழிருந்து பிடித்து... மெதுவாக... மெதுவாக...

"வா. கீழே இடம் இருக்கு."

குனிந்தேன். இழுத்ததால் குனிந்தேன்.

"நான் சின்னவதானே... நிறைய இடம் இருக்கு."

பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். நாக்கு புரளவில்லை. ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்திருந்தது.

இன்னொன்றும் புரிந்தது. இது பேய் மட்டும் இல்லை. பிள்ளை. பெரியவர்கள் பேச்சை நம்புகிற பிள்ளை. அதனிடம் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள்.

"இல்லை கண்ணு" என்றேன். "நான் உன்னோடவ இல்லை. உனக்குப் பிள்ளைங்க இல்லை. கல்யாணமும் இல்லை. நீயே பிள்ளைதான். கல்லுல தப்பா எழுதிட்டாங்க."

இழுப்பு நின்றது.

மஃப்ளர் தளர்ந்தது.

"அப்படின்னா... சொன்னவரு வந்து இல்லைன்னு சொல்லட்டும்."

அழப்போகிற பிள்ளையின் குரல் அது. அதன் பிறகு ஒன்றே ஒன்று சொன்னது.

"குளிருது."

மஃப்ளரைக் கழற்றினேன். கல்லின் மேல், அந்த ஈரத்தின் மேல், விரித்தேன். பிறகு ஓடினேன். அறுபத்து மூன்று வயதில் அப்படி ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது.

வாசலில் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுகள் உள்ளே பூட்டியிருந்தன. கண்ணாடியைத் தட்டினேன். லயனல் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. நான் திரும்பி வருவேன் என்று எதிர்பார்க்காதவனின் பார்வை அது.

"வந்துட்டியா" என்றான்.

"லயனல், அந்தக் கல்லுக்கு அடியில என்ன இருக்கு?"

"மண்ணு."

"லயனல்."

"மண்ணுதான் ஏவி. பெல்ட் போடு."

வீடு வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேயைவிட அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். என் கையெழுத்தை வாங்கும்போதே தெரியும்.

இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். காலையில் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு காத்திருப்பார். அவருக்கு இன்னும் எத்தனை நாள்? ஒரு ஞாயிறு மட்டும் சும்மா இருந்துவிட்டால் போதும். அவர் போன பிறகு கல்லை எடுத்துக்கொள்ளலாம். செத்துப்போன பிள்ளைக்கு என்ன அவசரம்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் "குளிருது" என்ற குரல் காதில் நின்றது.

விடிந்ததும் முதியோர் இல்லத்துக்குப் போனேன். அப்பா கோட்டில் ஒரு பூகூடச் செருகியிருந்தார். முழுக்கச் சொன்னேன். பயந்ததையும் சொன்னேன்.

"ஆறு வயசா?" என்றார் கடைசியில்.

"ஆமாப்பா."

"உனக்கு ஆறு வயசுல அம்மை போட்டுச்சு. மூணு ராத்திரி உங்கம்மா கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. நான் கதவுக்கு வெளியே நின்னேன், உள்ளே வர பயந்துக்கிட்டு." கோட்டிலிருந்த பூவை எடுத்து என் கையில் வைத்தார். "ஒரு கொழந்தை தலை மேல நின்னுதான் நான் ராஜாவா ஆகணுமா? போ. கல்லை எடுக்கச் சொல்லு."

பிரியோனி தட்டுடன் வந்தாள். "அரசே, ரதம் ரெடியா?"

"நான் அரசன் இல்லம்மா. உருளைக்கிழங்குதான்" என்றார் அப்பா. "டீ மட்டும் சூடா வேணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் புதிதாகக் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். எனக்கும் சேர்த்து. அந்தக் கோப்பைக்காக அவளை இன்றும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

குருவானவரிடம் போய், என் கையெழுத்து பொய் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்பார், என்னிடம் பதில் இல்லையே என்று தவித்தேன். அவர் கேட்கவில்லை.

"நீங்க சொன்னா போதும் ஏவிஸ்" என்றார். பிரதிஷ்டை நின்றது. லயனல் வரவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினான்.

திங்கட்கிழமை காலை கல்தச்சர் ஈனோக் காட் வந்தார். அந்த ஸ்லேட்டைப் பொறித்தவர் அவர்தான். ஓரத்துச் சிமெண்டைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க அண்ணன் சுத்தமான வேலைக்காரரு. ஊசி நுழைய இடம் இல்லை பாருங்க. இதை உடைக்க எனக்கு மனசே இல்லை."

உடைக்க மதியம் வரை ஆனது. நெம்புகோல் போட்டுத் தூக்கினார்கள். அடியில் ஒரு பழைய சின்னக் கல். என் இரண்டு கைகளால் மூடிவிடலாம். தேய்ந்த எழுத்து, ஆனால் படிக்க முடிந்தது.

உர்சுலா. ஆறு வயது.

ஈனோக் அதைப் படிக்கவில்லை. அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரு உள்ளே வச்சுப் பூசுனது?"

சின்னக் கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் நடுவில், சதுரமாக மடித்த ஒரு சாம்பல் நிறத் துணி. காய்ந்திருந்தது. ஒரு மூலை சிவப்பு.

செப்டம்பரில் பூசிய சிமெண்ட். சனிக்கிழமை என் கழுத்தில் இருந்த மஃப்ளர்.

குருவானவர் அதைப் பார்த்தார். ஈனோக் பார்த்தார். இரண்டு பேரும் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். நான் அதை எடுக்கவில்லை. பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது முறையல்ல. இருந்த இடத்திலேயே விடச் சொன்னேன்.

சாயங்காலம் லயனல் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்கார்ந்திருந்தான். குளிர்பதனப் பெட்டியின் கதவெல்லாம் பேரப்பிள்ளைகள் வரைந்த படங்கள்.

"எடுத்துட்டீங்களா?" என்றான்.

"எடுத்தாச்சு. எப்போ தெரியும் உனக்கு?"

"கோடையிலயே. விரிப்பைத் தூக்குனப்போ." அவன் மேசையைப் பார்த்தே பேசினான். "இருபது வருஷமாத் தேடுனேன் ஏவி. அப்பா வேற கோட்டு கேட்டு வாங்கிப் போட்டுட்டாரு. அந்தக் கல்லைப் பார்த்துட்டு வந்து அவருகிட்ட என்ன சொல்றது? சிமெண்டைக் கொட்டிட்டேன்."

"அதை நான் மன்னிச்சிடுவேன்" என்றேன். "எப்படியாவது மன்னிச்சிடுவேன். ஆனா என் பேரு அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவன் மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"லயனல்."

"கல்லை இறக்கிட்டு மட்டம் பார்த்துட்டு இருந்தேன். பட்டப்பகல். அடியில இருந்து கேட்டுச்சு. 'எனக்குப் பிள்ளைங்க இருக்கா?'ன்னு." அவன் குனிந்து கணுக்காலைத் தொட்டுக்கொண்டான். "பயத்துல இருக்குன்னுட்டேன். 'அப்போ நீ என்னோடவனா? வா'ன்னு சொல்லிச்சு. என் காலைப் பிடிச்சிடுச்சு ஏவி. கணுக்காலை. சின்னக் கை. விடலை."

"அப்புறம்?"

"நான் இல்லை, என் தங்கச்சிதான்னு சொன்னேன். ஏவி வருவா, பூ வைக்க வருவா, அவளைக் கூட்டிக்கோன்னு சொன்னேன். அப்புறம்தான் விட்டுச்சு."

அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எழவில்லை.

"ஏன்டா?" என்றேன். வேறு சொல் வரவில்லை.

அவன் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தான். அந்தப் படங்களைப் பார்த்தான்.

"எனக்குப் பேரப்பசங்க இருக்காங்க ஏவி. உனக்குத்தான் யாரும் இல்லையே."

அப்பா அடுத்த பிப்ரவரியில் தூக்கத்தில் போனார். அண்ணனுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று ஆண்டவரிடம் சொல்கிறேன். ஒருநாள் அது உண்மையாகிவிடும் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமைதோறும் உர்சுலாவின் கல்லைத் துடைக்கிறேன். பகலில்தான் போகிறேன். விளக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, "நான் உன்னோடவ இல்லை கண்ணு, சும்மா பார்க்க வந்தேன்" என்று சத்தமாகச் சொல்கிறேன். பதில் எதுவும் வருவதில்லை. கல் காய்ந்தே இருக்கிறது. நான் நிற்கிற இடத்துக்கு நேரே மட்டும், வட்டமாக, கொஞ்சம் ஈரம்.

அவள் கேட்டது ஒன்றுதான். சொன்னவர் வந்து இல்லை என்று சொல்ல வேண்டும்.

லயனலிடம் இதைச் சொல்லிவிட்டேன். கெஞ்சியும் பார்த்துவிட்டேன். வாசல் வரைக்கும் காரில் கொண்டுவந்து விடுகிறான். எஞ்சினை அணைப்பதில்லை.

இன்றுவரை அவன் உள்ளே வரவில்லை.